அக்காவின் ஆயிரம் வெள்ளி

எங்கள் குடும்பத்தில் யார் கைப்பேசி வாங்கப் போனாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். நான் ஒன்றும் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன் அல்லன். ஸ்கூடாயில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். எப்போதோ ஒரு முறை கூலாயில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடைக்காரரிடம் பேசி 40 வெள்ளி குறைத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த 40 வெள்ளி இன்றுவரை என்னைத் துரத்திக் கொண்டிருக்கிறது. பெரியம்மா மகன், மனைவியின் தங்கை, கோயிலில் உடன் தொண்டு செய்பவர் என்று எல்லாருக்கும் நான் துணைக்குப் போயாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி ஒலித்தால் என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்த முறை கூப்பிட்டது அக்கா. மகளுக்குப் பாசிர் கூடாங்கில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. "தம்பி, கையில ஆயிரம் வெள்ளி இருக்கு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. நல்லதா ஒன்னு பார்த்துக் கொடு" என்றார்.

ஆயிரம் வெள்ளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அக்கா சினாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருக்கிறார். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அக்காவின் அடிப்படைச் சம்பளம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஆயிரம், நான்கு மாத ஓவர்டைம் பணம். அதை எடுத்துக்கொண்டு கடைக்குள் போகிறவருக்கு, ஒரு பொருளைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்பதற்காக அது வீணாகிவிடக் கூடாது.

கைப்பேசி இப்போது ஆடம்பரப் பொருள் இல்லை என்பதை ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வங்கி அதில், பேருந்துக் கட்டணம் அதில், விரிவுரையாளர் அனுப்பும் பாடக் குறிப்பு அதில். 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரில் போகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் கைப்பேசியில் உள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டியே சிங்கப்பூருக்குள் நுழையலாம் என்று ஆனது. அதாவது கைப்பேசி, பாதிக் கடப்பிதழாகவும் ஆகிவிட்டது. மலிவு என்று எதையோ வாங்கி அது நடுப்பாலத்தில் அணைந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா வீட்டில் நான் போய் உட்கார்ந்தபோது மூன்று கட்சிகள் இருந்தன. அக்கா மகளுக்கு ஐபோன் வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. முகநூலில் ஒருவர் 128 ஜிபி எக்ஸ்ஆர் ஒன்றை 580 வெள்ளிக்குப் போட்டிருந்தார். அத்தான் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை செய்து வருகிறவர். "அங்கதான் மச்சான் நல்ல சாமான் கிடைக்கும், நான் வாங்கிட்டு வந்துடுறேன்" என்றார். அக்காவுக்கு எந்த நாடாக இருந்தாலும் சரி, எந்த முத்திரையாக இருந்தாலும் சரி, மூன்று வருடப் படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும். எனக்கு அக்காவின் கட்சிதான் பிடித்திருந்தது. ஆனால் மற்ற இருவருக்கும் பதில் சொல்லாமல் அந்த வீட்டில் தேநீர் கூடக் கிடைக்காது.

முதலில் அத்தான். சிங்கப்பூரில் வாங்கினால் மலிவு என்பது நம் அப்பா காலத்து நம்பிக்கை. அப்போது வானொலிப் பெட்டியும் கேமராவும் அங்கிருந்துதான் வந்தன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறோம். 2024 ஜனவரி முதல் அங்கே பொருள் சேவை வரி 9 விழுக்காடு. "சுற்றுப் பயணிக்கு அந்த வரியைத் திருப்பித் தருவாங்களே" என்று அத்தான் கேட்டார். தருகிறார்கள், ஆனால் விமானம் ஏறிப் போகிறவருக்கும் சொகுசுக் கப்பலில் போகிறவருக்கும்தான். உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ தரை மார்க்கமாக வெளியேறுகிறவருக்குக் கிடையாது. வேலை அனுமதி வைத்திருப்பவர் எந்த வழியில் போனாலும் கிடையாது. தினமும் பாலம் கடக்கும் அத்தானுக்கு இரண்டு கதவும் அடைத்திருக்கின்றன. பதினைந்து வருடமாகப் போய்வருகிற மனிதர், இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பலவற்றின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஜொகூர் பாருவில் இருக்கும் சேவை மையத்துக்குச் சிங்கப்பூரில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போனால் பழுது பார்ப்பார்கள், காசு வாங்கிக்கொண்டு. உத்தரவாதம் கேட்டால் பாலத்தைக் காட்டுவார்கள்.

சிங்கப்பூரில் கடைகள் எல்லாம் ஒழுங்கு என்ற எண்ணமும் முழு உண்மை இல்லை. 2014 நவம்பரில் சிம் லிம் சதுக்கத்தில் ஒரு வியட்நாமியச் சுற்றுப் பயணி, தன் காதலிக்காக வாங்கிய ஐபோன் 6க்குக் கடைசி நேரத்தில் உத்தரவாதக் கட்டணம் என்று பெரிய தொகையைச் சேர்த்துக் கேட்டதால், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்குள் மண்டியிட்டு அழுதார். அந்தக் காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தொழிற்சாலையில் சம்பாதித்த பணத்தோடு வந்த ஒரு மனிதர் அந்நிய நாட்டில் மண்டியிட்ட காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அக்காவும் அதைப் பார்த்திருக்கிறார். அதோடு சிங்கப்பூர்க் கட்சி கலைந்தது.

அக்கா மகளைச் சமாளிப்பது அவ்வளவு எளிதில்லை. "மாமா, ஐபோன் பழசானாலும் புதுசு மாதிரி ஓடும்" என்றாள். ஓரளவு உண்மைதான். நானும் பழைய கைப்பேசிக்கு எதிரியில்லை. என்னிடம் இருப்பதே ஒருவர் இரண்டு வருடம் பயன்படுத்தி விற்றதுதான். கேள்வி, எவ்வளவு பழசு என்பது.

எக்ஸ்ஆர் 2018இல் வந்தது. 2025 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 26, எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டுக்கும் கிடையாது. 2019இல் வந்த ஐபோன் 11இலிருந்துதான் கிடைக்கும். புதிய ஐஓஎஸ் இல்லையென்றால் நாளைக்கே கைப்பேசி செத்துவிடாது. ஆனால் வங்கிச் செயலிகள் பழைய ஐஓஎஸ்ஸையும் பழைய ஆண்ட்ராய்டையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். இப்போதுதான் படிப்பைத் தொடங்குகிற பெண்ணுக்கு, ஓட்டத்தை முடிக்கிற கைப்பேசி எதற்கு?

பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். விற்பவர் "78 விழுக்காடு" என்று புலனத்தில் பதில் போட்டிருந்தார். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி நலம் என்ற பகுதி 2018 முதல் இருக்கிறது. அதில் 80க்குக் கீழே போனால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். நல்ல பேட்டரி போடுவதற்குத் தனியாக நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். 580 வெள்ளி அங்கேயே எழுநூறை நெருங்குகிறது. மலிவு விலைக்கைப்பேசியின் கணக்கு எப்போதும் இப்படித்தான். மீதி விலை பிறகு வரும்.

பழைய ஐபோன் வாங்கியே தீருவது என்று இருக்கும் இளைய வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 'பொது' என்ற பகுதியில் 'பற்றி' என்ற இடத்தைத் திறந்தால் மாடல் எண் இருக்கும். அதன் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்கப்பட்டது. எஃப் என்றால் நிறுவனமே சீர்செய்து விற்றது. என் என்றால் பழுதானதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது. விற்பவர் "நான்தான் புதுசா வாங்கினேன்" என்று சொல்லி, எண் என் என்ற எழுத்தில் தொடங்கினால் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14, அதற்குப் பிந்தைய மாடல்களில் சிம் அட்டை போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். விலை குறைவாக இருப்பதன் காரணம் சில நேரம் அந்தச் சிறு துளை இல்லாததுதான். பாகங்கள் மாற்றப்பட்டிருந்தால், ஓரளவு புதிய மாடல்களில் அதே பகுதியில் அந்த விவரமும் தெரியும்.

சாம்சங் என்றால் அழைப்புத் திரையில் *#0*# என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை முழுக்க நிறமாக்கிக் காட்டும். கறை இருந்தால் தெரிந்துவிடும். விரலால் திரையெங்கும் கோடு இழுத்து, தொடுதல் வேலை செய்யாத இடம் உண்டா என்றும் பார்க்கலாம். எந்தக் கைப்பேசியாக இருந்தாலும் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியில் இருப்பதோடும் ரசீதில் இருப்பதோடும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். உங்கள் சிம் அட்டையைப் போட்டு ஒருவரை அழைத்துப் பேசுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜியிலேயே குரல் அழைப்பைத் தாங்காத பழைய கைப்பேசியில் பேசத் தொடங்கினால் அது 2ஜிக்கு இறங்கும். பேசி முடிக்கும்வரை இணையம் நின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பூட்டு. எங்கள் தாமானில் பக்கத்து வரிசை வீட்டு அக்கா ஒருவர், கோவிட் காலத்தில் மகனின் இணைய வகுப்புக்காக ஒரு பழைய ஐபோனை 900 வெள்ளிக்கு வாங்கினார். இணையத்தில் பார்த்து, ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் சந்தித்து, கையில் பணத்தைக் கொடுத்தார். கைப்பேசி நன்றாக ஓடியது. ஒன்பதாம் நாள் திரையில் ஒரு நிறுவனத்தின் பெயரோடு, தவணை கட்டப்படவில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு எதையும் திறக்க முடியவில்லை. யாரோ ஒருவர் கடன் அட்டை இல்லாமல் மாதத் தவணையில் எடுத்த கைப்பேசி அது. அப்படிக் கொடுக்கும் கடைகள் சில, தூரத்தில் இருந்தே பூட்டும் வசதியை அதற்குள் வைத்துத்தான் கொடுக்கின்றன. எடுத்தவர் இரண்டு தவணை கட்டிவிட்டு விற்றுவிட்டார். விற்றவரின் எண்ணும் அணைந்துவிட்டது. அந்தப் பையன் மீதி வகுப்புகளை அம்மாவின் கைப்பேசியில் படித்தான். அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் வகுப்பு இல்லை.

அதனால் விற்பவர் முன்னிலையிலேயே கைப்பேசியை முழுதாக அழித்து, புதிது போலத் தொடங்கிப் பாருங்கள். ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015 முதலும், பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படவில்லையென்றால் அழித்த பிறகும் அது கடவுச்சொல் கேட்கும். தவணைக் கடையின் பூட்டு இருந்தால், 'தொலைநிலை நிர்வாகம்' என்று தொடக்கத்திலேயே காட்டிவிடும். "அழிக்க நேரம் ஆகும் பாஸ், வீட்டுல போய் செஞ்சிக்கோங்க" என்று ஒருவர் சொன்னால், நேரம் ஆகட்டும் என்று உட்கார்ந்துவிடுங்கள். இருபது நிமிடம் உட்கார மறுக்கிறவரிடம் 900 வெள்ளியைக் கொடுப்பது எதற்கு?

திருட்டுக் கைப்பேசி என்றால் பணம் மட்டும் போவதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. பெட்டி இல்லை, ரசீது இல்லை, சந்தை விலையில் பாதி, அவசரம் வேறு என்றால் நீதிமன்றத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம். முன்பணத்தை வங்கியில் போடச் சொன்னால், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்பு புகார் வந்த கணக்கு என்றால் காட்டும். போட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால் உடனே 997. தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு அழைப்பதற்கும் உடனே அழைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பணம் ஒரு கணக்கில் தங்கி இருப்பதில்லை.

அக்கா மகள் எல்லாவற்றையும் கேட்டாள். முகம் மட்டும் வாடியிருந்தது. "அப்போ எனக்கு ஐபோனே கிடையாதா மாமா?" என்றாள். அவளுடைய தோழிகள் நான்கு பேரில் மூன்று பேரிடம் இருக்கிறதாம். இதற்கு நான் என்ன தொழில்நுட்ப விளக்கம் கொடுப்பது? அக்காதான் பதில் சொன்னார்: "வேலைக்குப் போய் உன் காசுல வாங்கிக்கோ. அப்ப மாமா வரமாட்டாரு, நீயே போவ." பெண் சிரித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். ஜொகூரில் வார விடுமுறை 2025 ஜனவரியில் மறுபடி சனி, ஞாயிறு என்று மாறியதிலிருந்து ஞாயிறுதான் எங்கும் கூட்டம். கைப்பேசி என்றால் ஜொகூர் பாருக்காரர்களுக்கு இரண்டு பெயர்கள் வாயில் வரும்: ஹாலிடே பிளாசா, தம்போய் அங்சானா. வரிசையாகச் சிறு சிறு கடைகள். ஒரே மாடலுக்குப் பத்துக் கடையில் விலை கேட்கலாம். நடப்பதற்குக் காசு இல்லை. நான் யாரையாவது அழைத்துக்கொண்டு போனால் முதல் சுற்றில் எதையும் வாங்க விடமாட்டேன். விலையை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத்தான் இரண்டாம் சுற்று.

விலை கேட்கும்போது முதல் கேள்வி, "ஓரி செட்டா, ஏபி செட்டா?" வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. ஓரி செட் என்றால் அந்த நிறுவனத்தின் மலேசியக் கிளையோ அதன் முகவரோ கொண்டு வந்தது. நாடு முழுவதும் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் உத்தரவாதம் செல்லும். ஏபி செட் என்றால் வேறு இறக்குமதியாளர் கொண்டு வந்தது. போலி அன்று, அசல்தான். ஆனால் உத்தரவாதம் அந்தக் கடையோடு நின்றுவிடும். கடை மூடினால் உத்தரவாதமும் மூடும். நூறு, இருநூறு வெள்ளி குறைவாக இருக்கும் என்பதால் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். விலை உயர்ந்த மாடலில் அந்தத் துணிச்சல் சிலருக்குச் சரிப்படலாம். அக்காவின் ஆயிரத்துக்குச் சரிப்படாது.

எங்களுக்கு முதல் கடையில் கிடைத்த அனுபவம் இது. பலகையில் 799 என்று பெரிதாக எழுதியிருந்தது. உட்கார வைத்துக் கணக்குப் போட்டபோது, திரைக் கண்ணாடி 49, உறை 39, செயலிகளை ஏற்றிக் கொடுப்பதற்கு 50 என்று 937க்கு ஏறியது. "இனி பேக்கேஜ், போஸ்" என்றார் விற்பனை இளைஞர். எங்களுக்குத் தொகுப்பு வேண்டாம், கைப்பேசி மட்டும் போதும் என்றோம். அப்படியானால் அந்த விலை இல்லையாம். எழுந்து வந்துவிட்டோம். அக்காவுக்குக் கடையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவது கூச்சம். "தண்ணி கூடக் கொடுத்தாரு தம்பி" என்றார். ஒரு போத்தல் தண்ணீருக்கு 138 வெள்ளி கொடுக்க முடியுமா?

நான்காவது கடையில் முடிந்தது. சாம்சங் ஏ வரிசையில் ஒன்று, ஓரி செட், 849 வெள்ளி, கண்ணாடியும் சாதாரண உறையும் சேர்த்து. நான் அந்த வரிசையைப் பார்த்ததற்குக் காரணம் கேமரா அன்று. 2024 இறுதியில் வந்த ஏ16 மாடலில் தொடங்கி, இந்த விலையிலேயே ஆறு ஆண்டுகள் மேம்பாடு கொடுப்பதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதே நிறுவனத்தின் விலை உயர்ந்த எஸ்24க்கு ஏழு ஆண்டுகள். சில வருடங்களுக்கு முன்பு ஆயிரம் வெள்ளிக்குள் வாங்கினால் இரண்டு ஆண்டோடு கைகழுவி விடுவார்கள். விலைப்பட்டியலில் கேமராவின் மெகாபிக்சல் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை ஆண்டு மேம்பாடு என்பது இருக்காது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் ஐஎம்இஐ எண்ணை ஒப்பிட்டோம். விற்பனைக்கு வரும் கைப்பேசி சிரிம் சான்று பெற்றதாக இருக்க வேண்டும் என்பது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதி; சான்று இருக்கிறதா என்று பார்க்க சிரிமின் செயலியே உண்டு. கடைக்காரர் நல்லவர், பொறுமையாக நின்றார். ரசீதில் கடையின் பதிவு எண், மாடல், ஐஎம்இஐ எல்லாம் எழுதச் சொன்னேன். அக்கா மகள் பெயரைப் போடவா என்று கேட்டார். அக்கா பெயரையே போடச் சொன்னேன், பணம் அவருடையது.

ரசீதைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு என் அலுவலக நண்பர் ஒருவர் காரணம். ஒரு கடையில் 'ஓராண்டு உத்தரவாதம்' என்று கையால் எழுதிக் கொடுத்த ஏபி செட் வாங்கினார். ஆறாவது வாரம் ஒலிபெருக்கி போய்விட்டது. தண்ணீர் பட்டிருக்கிறது, 280 வெள்ளி ஆகும் என்றார்கள். சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பையும் காட்டினார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னால் அந்த அறிவிப்புக்கு மதிப்பில்லை. குறையுள்ள பொருளுக்கு விற்றவர் பொறுப்பு. நண்பர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டார். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிவிடும். விசாரணை நாள் வருவதற்கு முன்பே கடையில் இருந்து கூப்பிட்டுப் புதிய ஒலிபெருக்கி போட்டுக் கொடுத்தார்கள். கையால் எழுதிய அந்த ஒற்றை வரியும் ரசீதும் இல்லையென்றால் நண்பர் என்ன காட்டியிருப்பார்? பக்கத்து வரிசை அக்காவுக்கு இந்த வழியும் இல்லை. நடுவர் மன்றம் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான். வாகன நிறுத்துமிடத்தில் தனி ஆளிடம் வாங்கியவருக்கு அன்று.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ரசீதால் இன்னொரு பயனும் உண்டு. வருமான வரியில் வாழ்க்கை முறைக் கழிவு என்று ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை இருக்கிறது. புத்தகம், கணினி, இணையக் கட்டணத்தோடு கைப்பேசியும் அதில் அடங்கும். நீங்கள் 6 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுகிறவர் என்றால் 1,500 வெள்ளிக் கைப்பேசிக்கு 90 வெள்ளி மிச்சம். 11 விழுக்காட்டுப் படி என்றால் 165. எந்தக் கடைக்காரரும் இவ்வளவு குறைக்க மாட்டார். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாள் ரசீது ஒரே வருடத்தில் வெளுத்துவிடும் என்பதால் படம் எடுத்து வையுங்கள். அக்காவுக்கு இது உதவாது. வரி கட்டும் அளவுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. இல்லாதவருக்குக் கழிவும் இல்லை என்பது விசித்திரமான ஏற்பாடுதான். அதை வரி வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.

மீதி 151 வெள்ளி. அதில் முதல் மூன்று மாத இணையக் கட்டணம் என்று அக்கா கைப்பையில் தனியாக மடித்து வைத்தார்.

அப்போது கடைக்காரர், பழைய கைப்பேசியைக் கொடுத்தால் 60 வெள்ளி குறைக்கிறேன் என்றார். அது அக்கா முன்பு பயன்படுத்தி, பிறகு மகள் கைக்குப் போன பழைய சாம்சங். திரையின் மூலையில் கீறல். கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கை நீக்கி, வங்கிச் செயலியை விடுவித்து, முழுதாக அழிக்க வேண்டும் என்றேன். வங்கிச் செயலிகள் இப்போது ஒரே ஒரு கைப்பேசியைத்தான் ஏற்கும். புதியதில் பதிந்து சில மணி நேரம் காத்திருந்த பிறகுதான் பணம் அனுப்ப முடியும். ஆகவே அதை வீட்டில் நிதானமாகச் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்து கொடுக்கலாம் என்று சொல்லிக் கொண்டிருந்தேன்.

"அழிக்கணுமா?" என்று அக்கா கேட்டார்.

அப்பா இறப்பதற்கு முந்திய வருடம், குளுவாங்கில் இருந்து அக்காவுக்குப் புலனத்தில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். தட்டச்சு வராது. 'சாப்பிட்டியா', 'மழை பெய்யுது', 'பிள்ளைக்கு டியூஷன் காசு அனுப்பியிருக்கேன்' என்று பத்து வினாடி, பதினைந்து வினாடிப் பதிவுகள். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் இருக்கும். அக்கா மகள் அங்கேயே கடை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பேசியையும் ஒன்றின் எதிரே ஒன்றாக வைத்து, கியூஆர் குறியீட்டைக் காட்டி எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் புதியதில் வந்துவிட்டது என்று தாத்தாவின் ஒரு பதிவை ஓட்டிக் காட்டினாள்.

"இப்ப கொடுத்திடலாம்தானே?" என்றார் கடைக்காரர். 70 என்றார். பிறகு 80 என்றார்.

அக்கா பழையதை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.